தாய் மரம் கன்றுக்கு ஊட்டுகிறதா? வேர்ப்பூஞ்சை பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "காட்டு மரங்கள் மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகளால் இணைந்திருக்கின்றன, பேசிக்கொள்கின்றன, தாய் மரம் தன் கன்றுகளுக்கு அந்த இழை வழியே சாப்பாடு அனுப்புகிறது என்று வீடியோ மேல் வீடியோவாக வருகிறது. எவ்வளவு உண்மை? நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே கதைதானா? நான் நட்டிருக்கும் மரக்கன்றுகளுக்குக் கடையில் விற்கும் வேம் (VAM என்ற வேர்ப்பூஞ்சைப் பாக்கெட்) வாங்கிப் போடலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேரும் பூஞ்சையும் கூட்டுச் சேர்ந்து வாழ்வதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். உலகில் உள்ள மரங்களில் அநேகமாக எல்லாமே இந்தக் கூட்டில்தான் நிற்கின்றன. தாய் மரம் தன் கன்றை அடையாளம் கண்டு இழை வழியே ஊட்டுகிறது என்பதற்குத்தான் காட்டில் எடுத்த ஆதாரம் இல்லை. நம் காடுகளில் பெரும்பாலும் இருப்பது வேறு வகைப் பூஞ்சை, அதனால் கனடாக் காட்டில் நடந்த ஆய்விலிருந்து கிளம்பிய இந்தக் கதையை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. வேம் போடுவது உங்கள் கன்று என்ன, மண் என்ன என்பதைப் பொறுத்தது. இனி விரிவாகப் பார்ப்போம்.

மரத்துக்குப் பூஞ்சை எதற்கு? முக்கியமாக மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்). மண்ணில் மணிச்சத்து நிறையவே இருக்கலாம். அது இடத்தை விட்டு நகராது என்பதுதான் சிக்கல். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கரிசலில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் காலியாகிவிடும். புது மணிச்சத்து வேண்டுமானால் வேர் புது இடத்துக்கு வளர்ந்தாக வேண்டும். அப்படி வேர் வளர்ப்பது மரத்துக்குப் பெரிய செலவு. பூஞ்சை இழையின் தடிமனோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. கடப்பாரை நுழையாத இடத்தில் ஊசி நுழைகிற கணக்குதான். மண் துகள்களுக்கு நடுவே புகுந்து, வேர் எட்டாத பல சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொஞ்சம் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) கொண்டுவந்து சேர்க்கும்.

ஓசியில் கிடையாது. ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையிலிருந்து ஒரு பங்கை மரம் கொடுக்க வேண்டும். சர்க்கரை மட்டும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். வேருக்குள் வாழும் வகைப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே உருவாக்கும் திறன் இல்லை, அதையும் செடியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது என்பது 2017-இல்தான் உறுதியானது. 2023-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, உலகத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான கரிமத்தை வேர்ப்பூஞ்சைகளுக்குக் கொடுக்கின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து மனிதர் வெளியிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. இது பூஞ்சைக்குப் போய்ச் சேரும் அளவு மட்டுமே. அதில் எவ்வளவு மண்ணில் தங்குகிறது, எவ்வளவு மூச்சாக வெளியேறுகிறது என்பது தனிக் கணக்கு. இரண்டையும் குழப்பி "பூஞ்சை பூமியைக் காப்பாற்றும்" என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

பூஞ்சைக் கூட்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று வேரின் மேலே உறை போட்டுக்கொள்வது, மற்றது வேரின் செல்லுக்குள்ளேயே புகுவது. இந்த வேறுபாடு தெரியாமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

உறை போடும் வகையைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பைன் மரத்தடிக்குப் போய் ஊசிச் சருகை விலக்கி, மண்ணின் மேல் பரப்பிலேயே ஓடும் சல்லிவேரைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நுனி வேர்கள் நீளமாக இல்லாமல் குட்டையாக, தடித்து, இரண்டிரண்டாகக் கவை பிரிந்து நிற்கும். வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று நிறம் மாறும். பூஞ்சை எது என்பதைப் பொறுத்து நிறம். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் வேர்த்தூவி ஒன்றுகூடத் தென்படாது. அந்த வேலையை உறையிலிருந்து கிளம்பும் இழைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. வேரைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிச் செல்களுக்கு இடையில் பூஞ்சை வலை பின்னியிருக்கும். செல்லுக்குள் மட்டும் போகாது. ஜெர்மானிய வனவியலாளர் தியோடர் ஹார்டிக்கின் பெயரால் அதை ஹார்டிக் வலை என்கிறார்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு பெயர் வைத்தவர் இன்னொரு ஜெர்மானியர், ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க். டிரஃபிள் என்ற விலை உயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பிரஷ்ய அரசு அவரிடம் கொடுத்தது. டிரஃபிள் சாகுபடி கைகூடவில்லை. தோண்டிப் பார்த்த இடமெல்லாம் ஆரோக்கியமான மரங்களின் வேர் நுனி பூஞ்சையால் மூடியிருந்தது. நோய் என்றால் மரம் வாடியிருக்க வேண்டுமே என்று யோசித்து, 1885-இல் இது கூட்டு வாழ்க்கை என்று எழுதி, மைக்கோரைசா என்று பெயரும் வைத்தார். பூஞ்சையை மரத்தின் செவிலித்தாய் என்றே அவர் சொன்னார். அன்றைய தாவரவியலாளர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. பூஞ்சை என்றாலே நோய் என்பதுதான் அப்போதைய நினைப்பு.

உள்ளே புகும் வகை கண்ணுக்குத் தெரியாது. வேப்ப வேரும் தேக்கு வேரும் வெளியே பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் சல்லிவேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து நிறத்தை வெளுக்கவிட்டு, நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் செல்லுக்குள் ஒரு குட்டி மரம் கிளை விரித்து நிற்பது தெரியும். பண்டமாற்று நடக்கும் இடம் அதுதான். செல்லின் சுவரைத் தாண்டினாலும் உட்சவ்வைப் பூஞ்சை கிழிப்பதில்லை. சவ்வு அதைச் சுற்றி வளைந்து கொடுக்கிறது. சில நாள் ஆனதும் அந்தக் கிளைகள் கரைந்து, வேறு செல்லில் புதிதாகத் தோன்றும். பக்கத்திலேயே எண்ணெய் நிரம்பிய சிறு பைகளும் இருக்கும், பூஞ்சையின் சேமிப்பு. இந்த வகை மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த சுமார் 40.7 கோடி ஆண்டுப் பழைய கல்லில், வேர் என்ற உறுப்பே சரியாக உருவாகாத தாவரங்களின் தண்டுக்குள் இதே கிளைகள் பதிந்திருக்கின்றன. செடிகள் தரைக்கு வந்தபோதே பூஞ்சையும் கூட இருந்தது என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

செடியும் பூஞ்சையும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? மணிச்சத்து பற்றாமல் போனால் வேர் ஸ்டிரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் விடும். அதை உணர்ந்ததும் பூஞ்சை இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரை நோக்கிப் பெருகும். 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டபோது அந்தப் பொருள் ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. சோளத்தையும் கரும்பையும் பிடிக்கும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்கத் தூண்டும் பொருளும் அதுவே. பூஞ்சைக்கு விட்ட அழைப்பை ஒட்டுண்ணியும் ஒட்டுக்கேட்டுப் பழகிக்கொண்டது!

இனி எந்த மரத்துக்கு எது என்று பார்ப்போம். பைன், ஓக், பீச், பிர்ச், யூகலிப்டஸ் எல்லாம் உறை வகை. குளிர்நாட்டுக் காடுகளை ஆள்வது இதுதான். உலகத் தாவர இனங்களில் வெறும் 2 சதவீதம்தான் உறை வகையைச் சேர்ந்தவை, ஆனாலும் பூமியில் நிற்கும் மரங்களைத் தலை எண்ணினால் ஏறக்குறைய 60 சதவீதம் அவைதான் என்று 2019-இல் வந்த உலகளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது. வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை உள்ளே புகும் வகை.

பூஞ்சை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புவெர்ட்டோ ரிக்கோ தீவைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே பைன் வளர்க்கப் பல காலம் முயன்றார்கள். விதை முளைக்கும், கன்று கொஞ்சம் எழும்பும், பிறகு மஞ்சளாகி நின்றுவிடும். எந்த உரமும் நிலையான பலன் தரவில்லை. அந்தத் தீவில் பைனுக்கு இயற்கையான இடமே இல்லாததால் பைனுக்குரிய பூஞ்சையும் மண்ணில் கிடையாது. 1950-களில் அமெரிக்காவின் வட கரோலினா பைன் காட்டிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து வேரடியில் இட்ட பிறகுதான் கன்றுகள் பச்சை பிடித்து வளர ஆரம்பித்தன. ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பைன் தோட்டம் போட்டவர்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அர்ஜென்டினாவில் விக்டோரியா தீவு என்று ஓர் ஏரித் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெளிநாட்டு மரங்களை நிறைய நட்டார்கள். இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் ஊசியிலை மரங்கள் தோட்டத்தைத் தாண்டி அதிகம் பரவவில்லை. தள்ளியுள்ள மண்ணில் உரிய பூஞ்சை இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று 2009-இல் காட்டினார்கள். அப்புறம் பார்த்தால், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களும் காட்டுப்பன்றிகளும் காளானைத் தின்று, சாணத்தோடு பூஞ்சை வித்துகளைத் தூரம் தூரமாகப் போட்டுக்கொண்டிருந்தன. அந்நிய மரம், அந்நிய விலங்கு, அந்நியப் பூஞ்சை மூன்றும் கைகோத்துக்கொண்டால் உள்ளூர்க் காட்டுக்கு ஆபத்து. நீலகிரியில் கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) மழைக்குப் பின் முளைக்கும் சிறு காளான்களில் லக்காரியா ஃபிராடெர்னா என்பது ஒன்று. யூகலிப்டஸோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போகிற பூஞ்சை அது. மரத்தை மட்டும் இறக்குமதி செய்தோம் என்று நினைக்கிறோம்.

சரி, தாய் மரக் கதைக்கு வருவோம். அதன் வேர் 1997-இல் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்டும் உடன் ஆய்வாளர்களும் பிர்ச் கன்றையும் டக்ளஸ் ஃபர் கன்றையும் அருகருகே வைத்து, இரண்டையும் பைகளால் மூடி, எது எங்கே போகிறது என்று தனித்தனியே கண்டுபிடிக்க, ஒன்றுக்குக் கரிமம்-13, மற்றதற்குக் கரிமம்-14 கலந்த வாயுவைக் கொடுத்தார்கள். கரிமம் இரண்டு திசையிலும் போனது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஃபருக்குச் சராசரியாக 6 சதவீதம் லாபம், நிழலில் இருந்த ஃபருக்குக் கூடுதல். உறை வகைப் பூஞ்சை இல்லாத செடார் கன்றுக்கும் கொஞ்சம் போனது, ஆனால் குறைவு. நேச்சர் இதழ் இதை அட்டையில் போட்டுக் காட்டுக்கான இணைய வலை என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தது. பெயர் பிடித்துக்கொண்டது. ஆய்வில் இருந்த "ஆனால்"கள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

2016-இல் சுவிட்சர்லாந்தில் 40 மீட்டர் உயர ஸ்புரூஸ் மரங்களுக்கு அடையாளமிட்ட கரியமில வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கரிமம் பக்கத்து பீச், பைன், லார்ச் மரங்களின் சல்லிவேரில் கிடைத்தது. அழகான ஆய்வுதான். ஆனால் சல்லிவேர் நுனி என்பது பாதி மரம், பாதி பூஞ்சை. உறையில் தங்கிய கரிமத்தை மரம் உண்மையிலேயே உள்ளே எடுத்துத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்தியதா என்பது வேறு கேள்வி. வேர் கசியவிட்டதை மண் வழியாகப் பக்கத்து வேர் உறிஞ்சியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸெமா மூவரும் காட்டு ஆய்வுகளை ஒன்றொன்றாக எடுத்துச் சரிபார்த்தார்கள். பூஞ்சை வலை காடெங்கும் பரவியிருக்கிறது என்று சொல்லும் அளவுக்குப் போதுமான காடுகளில் யாரும் வரைபடம் எடுக்கவில்லை. வலை வழியே வந்த சத்தால் கன்று செழித்தது என்ற முடிவுக்கு வேறு விளக்கங்களும் பொருந்துகின்றன. பெரிய மரம் தன் வாரிசுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்புகிறது, ஆபத்து வந்தால் எச்சரிக்கிறது என்பதற்குக் காட்டில் செய்து வெளியிட்ட ஆய்வு ஒன்றுகூட இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, மெலனி ஜோன்ஸ் 1997 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். எச்சரிக்கை தகவல் இழை வழியே போகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அது தொட்டியில் வளர்த்த அவரையினச் செடியிலும் தக்காளியிலும் கிடைத்தது. தொட்டியை வைத்துக் காட்டைச் சொல்ல முடியாது.

அதற்காக "எல்லாம் கட்டுக்கதை" என்று மறுகோடிக்கும் போக வேண்டாம். மோனோட்ரோபா என்று வெள்ளை வெளேர் என்று ஒரு செடி இருக்கிறது. நம் இமயமலைக் காடுகளிலும் முளைக்கும். பச்சையமே கிடையாது, அதனால் சமைக்கத் தெரியாது. ஸ்வீடனில் பியோர்க்மன் என்ற ஆய்வாளர் கதிரியக்க அடையாளமிட்ட குளுக்கோஸை மரத்தில் செலுத்தினார். அது பக்கத்திலிருந்த மோனோட்ரோபாவில் வந்து சேர்ந்தது. 1960-இல் வெளியான ஆய்வு இது. மரத்திலிருந்து பூஞ்சைக்கு, பூஞ்சையிலிருந்து இந்தச் செடிக்கு என்று சர்க்கரை போயிருக்கிறது. வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் இங்கே நடப்பது தாய்ப் பாசம் கிடையாது, திருட்டு.

என் பார்வையில் அந்தக் கதையின் பெரிய குறை, பூஞ்சையை வெறும் கம்பியாக நினைப்பது. அதுவும் ஓர் உயிர், அதற்கும் வயிறு உண்டு. 2011-இல் டோபி கியர்ஸ் குழுவினர் பரிசோதித்தபோது, அதிகச் சர்க்கரை கொடுத்த வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து கொடுத்தது. செடியும் அதிகம் கொடுத்த பூஞ்சைக்கே அதிகச் சர்க்கரையைத் திருப்பியது. 2019-இல் ஒளிரும் துகள் ஒட்டிய மணிச்சத்தை வைத்துப் பார்த்தபோது, மணிச்சத்து மலிந்த பக்கத்திலிருந்து பற்றாக்குறை உள்ள பக்கத்துக்கு அதை நகர்த்தி அங்கே நல்ல விலைக்கு விற்றது பூஞ்சை. நிழலில் வாடும் கன்றுக்குச் சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் அதற்கு என்ன ஆதாயம் என்று கேட்டுப் பார்த்தால் ஆய்வுகளை வேறு கண்ணால் படிக்க முடியும்.

இடையில் ஒன்று. "உலகிலேயே பெரிய உயிர், மரங்களை இணைக்கும் பூஞ்சை" என்று ஓரிகான் மாநிலத்தின் பெரிய பூஞ்சையை இந்த வீடியோக்களில் காட்டுவார்கள். கிட்டத்தட்ட 10 சதுர கிலோமீட்டர் பரவிய அது ஆர்மில்லாரியா, வேரழுகல் நோய்ப் பூஞ்சை. மரங்களைக் கொன்று தின்கிறது!

நம் காடுகளுக்கு வருவோம். நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் உள்ள மரங்கள் பெரும்பாலும் செல்லுக்குள் புகும் வகையைக் கொண்டவை. அந்தப் பூஞ்சைகளுக்குக் காளான் குடை கிடையாது. மண்ணுக்குள்ளேயே வித்து விடும். ஆகவே சோலைக்குள் காளான் தெரியவில்லை என்பதால் வேர்ப்பூஞ்சை இல்லை என்று ஆகாது. பைன் தோட்டத்தை வெட்டிவிட்டுச் சோலைக்கன்று நடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: பைனின் உறைப் பூஞ்சை எவ்வளவு செழித்திருந்தாலும் சோலைக்கன்றுக்கு அது உதவாது. ஒட்டியுள்ள சோலை மண்ணில் வளர்த்த நாற்று என்றால் கூட்டாளியோடேயே வந்து இறங்கும்.

மழைக்காடுகளில் ஒரு முக்கியமான விதிவிலக்கு, கோங்கு, வெள்ளைக்குங்கிலியம் முதலிய மரங்கள் அடங்கிய டிப்டெரோகார்ப் குடும்பம். வெப்பமண்டல மரமாக இருந்தும் இவை உறை வகை. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் ஓங்கி நிற்பவையும் இந்தக் குடும்பத்தவைதான். குடகில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நெடுங்காலமாகக் கண்காணித்துவரும் உப்பங்கலா காட்டில், இந்த மரங்களோடு சேர்ந்த காளான்களைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டியலிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். வடக்கே இதே குடும்பத்துச் சால் மரக் காட்டில் முதல் மழை விழுந்ததும் ஜார்க்கண்ட் மக்கள் தரையைக் கீறி ருக்டா என்ற உருண்டைக் காளானைப் பொறுக்குகிறார்கள். ஆட்டுக்கறிக்கு ஈடாக விலை போகும். சிப்பிக்காளானைப் போல வைக்கோலில் வளர்க்க முடியாது. உயிருள்ள சால் வேர் இருந்தால்தான் அது உண்டு. காடு போனால் சந்தையில் ருக்டாவும் போய்விடும்.

கடைசிக் கேள்வி, வேம். வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் என்பதும் இதுவே, உள்ளே புகும் வகை. உயிருள்ள வேர் இல்லாமல் இதைப் பெருக்க முடியாது. அதனால் சோளம், மக்காச்சோளம் மாதிரிப் பயிர்களைத் தொட்டியில் வளர்த்து, அந்த மண்ணையும் வேரையும் சேர்த்துத்தான் பாக்கெட் போடுகிறார்கள். வெயிலில் கிடந்த பழைய பாக்கெட்டில் உயிருள்ள வித்து எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பல நாடுகளில் கடைச்சரக்கைச் சோதித்தபோது கணிசமானவை வேரில் ஏறவே இல்லை.

எங்கே போடலாம் என்றால், நாற்றங்காலில். கிருமி நீக்கிய கலவையிலோ, தென்னை நார்க் கழிவிலோ வளரும் நாற்றுக்குப் பூஞ்சை தானாக வந்து சேர வழியில்லை. மேல்மண்ணை வாரிக் கொண்டுபோய்விட்ட நிலம், குவாரிக் கழிவு, சுட்ட செங்கல் சூளை மண் போன்ற இடங்களிலும் பயன் தரும். பக்கத்தில் மரமும் புல்லும் நன்றாக இருக்கும் சாதாரணத் தோட்ட மண் என்றால், வேம்பு, புங்கன், நாவல், தேக்குக்குத் தேவையான பூஞ்சை ஏற்கெனவே அங்கே இருக்கும். காசு கொடுத்து வாங்கத் தேவை இருக்காது. அதே இனத்து முதிர்ந்த, நோயில்லாத மரத்தடியிலிருந்து சல்லிவேரோடு ஒரு கைப்பிடி மேல்மண்ணை எடுத்துக் குழியில் போட்டாலே போதும். காப்புக்காட்டு மண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

போடுவதானால் வேரில் படும்படி போடுங்கள், மேலே தூவிவிட்டால் வீண். அதோடு டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் அழைப்பு விடுவதையே குறைத்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தோம். வேரடியில் பூஞ்சைக்கொல்லி ஊற்றுவதையும் தள்ளிப் போடுங்கள். சவுக்கு நட்டிருந்தால் வேமோடு ஃபிராங்கியாவையும் கவனியுங்கள். அது வேர் முடிச்சில் தழைச்சத்து நிலைநிறுத்தும் வேறு நுண்ணுயிர். மரங்களுக்கு இடையே ஊடுபயிராக முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட், முளைக்கீரை போடுகிறீர்கள் என்றால் அவற்றுக்கு வேம் வாங்காதீர்கள். அந்தக் குடும்பங்கள் இந்தப் பூஞ்சையோடு கூட்டே வைப்பதில்லை, யார் எவ்வளவு விற்றாலும்.